உறுத்துற கண்ணு நல்ல கண்ணு

நங்கநல்லூர் தூசியில பைக் ஓட்டி கண் உறுத்துதா? திட்டாதீங்க மக்களே, அந்த உறுத்தல்தான் காவல்காரன்.

இது நம்ம வேலூர் பாடம். தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைய முக்கியக் காரணம் வலி தெரியாததால் படும் காயங்கள்தான்னு அங்கே காட்டினார் டாக்டர் பால் பிராண்ட். கண்ணுக்கும் அதே கதை. முக நரம்பு கெட்டால் இமை மூடாது. உணர்ச்சிக்கான ட்ரைஜெமினல் நரம்பும் போச்சுன்னா, கருவிழி காய்ந்து புண்ணானாலும் உறைக்காது; பார்வையே போகலாம்.

2009-ல் அமெரிக்காவின் ஜூலியா டெர்சிஸ் குழு, நல்ல பக்கத்து நெற்றி நரம்பைக் கெட்ட கண்ணின் கருவிழிக்குத் திருப்பிய ஆபரேஷனை வெளியிட்டது. காலிலிருந்து நரம்பெடுத்து ஒட்டுவதும் உண்டு. உணர்ச்சி திரும்ப மாதக்கணக்காகும்.

என் கட்சி இதுதான்: முகவாதம் வந்தவரிடம் "பார்வை தெரியுதா?"ன்னு மட்டும் கேட்டா பத்தாது. டாக்டர் பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டும் பார்க்கணும். வலிக்கலைன்னா அது நல்ல சேதி இல்லை. நீங்க என்ன சொல்றீங்க?