கொலை நடந்த வீட்டுக்கு யார் போவது?

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் 1,500-க்கும் மேற்பட்ட கொலைகள் பதிவாகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியா முழுவதும் 28,522 கொலை வழக்குகள். ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு விசாரணை அதிகாரி உண்டு; அரசுத் தரப்புக்கு ஒரு வழக்கறிஞர் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வசதியில்லை என்றால் அவருக்கும் அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. அது அவருடைய உரிமை. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கக் கூடாது. ஆனால், கொல்லப்பட்டவரின் வீட்டாருக்கென்று ஒருவரும் இல்லை. முதல் நாளிலிருந்து மேல்முறையீடு முடியும்வரை கூட நிற்கும் ஒரு துணையை அந்தக் குடும்பத்துக்கு அரசு தந்தாக வேண்டும். ஊரும் தன் பங்கைச் செய்தாக வேண்டும்.

சாவு வீட்டில் என்ன செய்வது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்பு மூட்டாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். பந்தல் போட, பாடை கட்ட ஆள் வரும். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கொலையுண்டவரின் வீட்டில் இந்த முறையெல்லாம் குலைந்துபோகிறது. உடல் ஜி.எச். பிணவறையில் கிடக்கிறது. போஸ்ட்மார்ட்டம் எப்போது முடியும், யார் கையெழுத்துப் போட வேண்டும், வண்டிக்கு யாரைக் கேட்பது என்று தெரியாமல் உறவினர்கள் மரத்தடியில் காத்திருக்கிறார்கள். அடக்கம் போலீஸ் காவலோடு அவசரமாக நடக்கிறது. அகாலச் சாவு என்று சடங்கும் சுருங்குகிறது. மகஜரில் கையெழுத்துக் கேட்பார்கள், சாட்சிக்கு இழுப்பார்கள் என்று அக்கம்பக்கத்தார் ஒதுங்கிக்கொள்கிறார்கள். எதிர்த்தரப்பு நம்மையும் குறித்துவைத்துக்கொள்ளுமோ என்ற பயம் வேறு.

வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளோ இன்னும் கொடுமை. ‘என்ன தகராறாம்?’ ‘குடித்திருந்தாரா?’ ‘பெண் விவகாரமா?’ பிணம் வீடு வந்து சேரும் முன்பே, குற்றம் செத்தவர்மேல்தான் என்று தெருவில் தீர்ப்பாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, வெட்டும் காட்சி பதிவான சிசிடிவி படம் தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடுகிறது. தகப்பன் வெட்டுப்பட்டுச் சாய்வதைப் பள்ளிக்கூடத்தில் எவனோ ஒருவன் கைபேசியில் காட்ட, அதைப் பார்க்கும் பிள்ளையின் நிலையைச் செய்தி ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் படத்தை ஒளிபரப்புவதால் எந்த வழக்கும் துலங்குவதில்லை. அதை நிறுத்தப் புதிய சட்டம் தேவையில்லை, மனம் இருந்தால் போதும்.

பிறகு தொடங்குகிறது வழக்கு. கொலை வழக்கில் கைதானவர் சிறையிலிருக்க, 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் அவர் ஜாமீனில் வெளிவர உரிமையுண்டு. வந்துவிட்டார் என்பதைக் குடும்பம் பல நேரம் தெரிந்துகொள்வது, அவரைக் கடைத்தெருவில் நேருக்கு நேர் பார்க்கும்போதுதான். விசாரணை தொடங்கினால் வாய்தாமேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. பல ஆண்டுகள் கழித்து, சான்றுப் பொருளாகக் கட்டிவைத்த ரத்தக்கறைச் சட்டையைப் பிரித்துக் காட்டி, ‘இது உங்கள் மகன் அணிந்திருந்ததுதானா?’ என்று தாயிடம் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் இருக்கிறாரா என்று நீதிமன்றத்தில் எவரும் பார்ப்பதில்லை.

இது எத்தனை காலம் நீளும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் இருக்கின்றன. விருத்தாசலம் அருகே, சாதி மறுத்து மணந்த கண்ணகியும் முருகேசனும் கொல்லப்பட்டது 2003-இல். கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021-இல். உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது 2025-இல். 22 ஆண்டுகள்! கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர் சாதி ஆணவத்தால் 2015 ஜூனில் கொல்லப்பட்டார். முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும் அவருடைய தாய் தளராமல் நின்றார். 2022 மார்ச்சில்தான் மதுரையில் தீர்ப்பு வந்தது. இந்த வழக்குகளில் இயக்கங்களும் வழக்கறிஞர்களும் குடும்பத்தோடு நின்றார்கள். நிலத்தகராறில், மதுக்கடைச் சண்டையில், நகைக்காக நடந்த கொலையில், கணவன் கையால் நடந்த கொலையில் உறவை இழந்த ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கொடி பிடித்து வர யாரும் இல்லை. அந்த வீடுகளைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்.

சட்டம் வெறுங்கையோடு நிற்கிறது என்று சொல்ல முடியாது. பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுத் திட்டம் 2009 முதலே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. இப்போது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. குற்றவாளி யார் என்றே தெரியாத வழக்கிலும் குடும்பம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். கொல்லப்பட்டவர் பெண் என்றால், தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2018-ஆம் ஆண்டுத் திட்டம் 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய்வரை இழப்பீடு வகுத்திருக்கிறது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர் தரப்புக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் சட்டக் கடமை. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துக் குடும்பமே மேல்முறையீடு செய்யலாம். வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இத்தனையும் இருந்தும், அழுதுகொண்டிருக்கும் வீட்டில் யாருக்கு இதெல்லாம் தெரியும்? வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம், எஃப்.ஐ.ஆர். நகலுக்கு ஸ்டேஷன், பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கு ஜி.எச்., இழப்பீட்டுக்கு நீதிமன்ற வளாகம் என்று அலைய அந்த வீட்டில் யாருக்குத் தெம்பு இருக்கும்? உரிமையைத் தாளில் எழுதிவைத்துவிட்டு, கேட்டு வந்தால் தருகிறோம் என்று உட்கார்ந்திருப்பது நியாயமாகாது.

பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகள் இதில் நல்ல வழி காட்டுகின்றன. கொலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு நிவாரணத் தொகையோடு மாத ஓய்வூதியம், ஒருவருக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்புவரை கல்விச் செலவு, முதல் மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு என்று அவை பேசுகின்றன. சாவு விழுந்த வீட்டில் மூன்று மாதம் உலை எப்படிக் கொதிக்கும் என்று யோசித்து எழுதிய விதி அது. நடைமுறையில் அதைப் பெறவும் போராட வேண்டியிருக்கிறது என்பது வெட்கக்கேடு. அந்த விதிகளை ஓர் எழுத்தும் குறையாமல் நிறைவேற்ற வேண்டும்; அந்த அக்கறையை மற்ற கொலைகளில் நிர்க்கதியான ஏழைக் குடும்பங்களுக்கும் விரிக்க வேண்டும்.

குடும்பத்தோடு கூட நிற்பதற்கு வெளிநாடுகளிலும் முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், டார்செஸ்டர் பகுதியில், 1993 டிசம்பரில் லூயி பிரவுன் என்ற 15 வயதுப் பையன் யாரோ இரு தரப்பு சுட்டுக்கொண்டதன் நடுவே சிக்கி இறந்தான். அவனுடைய தாய் டினா செரி மறு ஆண்டே அவன் பெயரில் ஓர் அமைதி நிலையத்தைத் தொடங்கினார். கொலை நடந்தால் அந்த வீட்டுக்குப் போவது, அடக்கத்துக்கு ஏற்பாடு செய்ய உதவுவது, அரசு உதவித் தொகைக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது, இவற்றையெல்லாம் படிப்படியாக விளக்கும் கையேடு ஒன்றைத் தருவது என்று அந்த நிலையம் இன்றும் இயங்குகிறது. இதே துயரத்தைக் கடந்து வந்தவர்கள் கூட நிற்பதுதான் அதன் பலம். இங்கிலாந்திலோ, 1993-இல் இனவெறியால் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் குடும்பத்தைப் போலீஸ் நடத்திய விதத்தை 1999-இல் மெக்ஃபெர்சன் விசாரணை அறிக்கை கடுமையாகச் சாடியது. அதன் பிறகே, குடும்பத்தோடு தொடர்பில் இருப்பதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற காவலர்களை நியமிக்கும் முறை அங்கே வலுப்பட்டது.

ரவுடி செத்தால் அவன் குடும்பத்துக்கும் அரசு துணை நிற்பதா என்று சிலர் கேட்பார்கள். நின்றே ஆக வேண்டும். அவனுடைய மனைவியும் பிள்ளையும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. வடசென்னையிலும் தென் மாவட்டங்களிலும் பழிக்குப் பழி என்று நீளும் கொலைகளைப் பாருங்கள்: மாலை போட்ட படத்தைக் காட்டி, ‘உன் அப்பனை வெட்டியவன் உயிரோடு திரிகிறான்’ என்று சொல்லிச் சொல்லி ஒரு சிறுவனை வளர்க்கிறார்கள். அவனிடம் முதலில் போய்ச் சேர்வது ஆற்றுப்படுத்துநரா, அரிவாள் எடுத்துத் தரும் சித்தப்பனா என்பதில் அடுத்த கொலை இருக்கிறது. பாஸ்டன் நிலையம், கொலை செய்து சிறைக்குப் போனவர்களின் குடும்பங்களையும் அரவணைப்பது இந்தப் புரிதலால்தான்.

தாயைக் கொன்று தகப்பன் சிறைக்குப் போன வீடுகளில், இரண்டு பேரையும் ஒரே நாளில் இழந்த குழந்தைகளைப் பாட்டிதான் வளர்க்கிறாள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இத்தகைய குழந்தைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் பெற வழியிருக்கிறது. தமிழ்நாடு அரசின் அன்புக் கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. அந்தப் பாட்டிக்கு இதைப் போய்ச் சொல்வது யார்?

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் இல்லை. கொலை வழக்கு பதிவான 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் தர வேண்டும். ஆணைக்குழுவிடம் ஏற்கெனவே இருக்கும் சட்டத் தன்னார்வலர்களில் ஒருவரை அந்தக் குடும்பத்துக்கென்று பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆற்றுப்படுத்துநர் அந்த வீட்டுக்கு நேரில் போக வேண்டும். இடைக்கால நிவாரணம் பதினாறாம் நாளுக்குள் கைக்கு வர வேண்டும். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த சேவை மையம் நடத்தத் தெரிந்த அரசுக்கு இது முடியாததாக இருக்காது.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் போங்கள். காரணம் கேட்காதீர்கள், இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். வாய்தா நாளில் ஒருவராவது கூடப் போங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. இலவசத் தொலைபேசி எண் 15100. விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர் போதும்.