ஈப்போ நமக்கு அடுத்த ஊர், அரசாங்கத்துக்கு அடுத்த மாநிலம்

போன சனிக்கிழமை நண்பர்கள் நால்வர் எல்லை தாண்டிப் போய் வந்தோம் என்று சொன்னதும், "ஹாட்ஞாய்க்கா?" என்று கேட்டார் உடன் வேலை செய்யும் அண்ணன் ஒருவர். ஈப்போவுக்கு என்றேன். சிரித்துவிட்டார்.

கம்போங் ராஜாக்காரர்களும் அதை எல்லை என்று நினைப்பதில்லை. காடியை எடுத்துச் சற்று நேரத்தில் பகாங் முடிந்து பேராக் வந்துவிடும். சிம்பாங் பூலாய் வரை இறக்கம். அங்கிருந்து ஈப்போ பக்கம்தான். மொத்தம் சுமார் 70 கிலோமீட்டர். பள்ளி விடுமுறையில் கியா ஃபார்ம் நெரிசலில் மாட்டிக்கொண்டு தானா ராத்தா போய்ச் சேர்வதற்குள் ஈப்போவில் காலைப் பசியாறிவிடலாம். லகாட் சாலையில் துணி எடுத்தோம், வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டோம், குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குப் போனோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பட்டணம் என்றால் ஈப்போதான்.

கோயில் வாசலில்தான் பேச்சு மாறியது. தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்யும் நண்பன் 2025 தைப்பூசத்தை ஞாபகப்படுத்தினான். பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. பேராக்கில் பொது விடுமுறை. பகாங் மாநில விடுமுறைப் பட்டியலில் தைப்பூசம் இல்லை. பிறந்ததிலிருந்து கல்லுமலையில் பால்குடம் எடுக்கும் குடும்பம் அவனுடையது. ஆண்டு விடுப்பில் ஒரு நாளைக் கழித்துக்கொண்டுதான் அவன் போனான். மலைக்குக் கீழே இருக்கிறவனுக்குத் தானாகக் கிடைக்கும் நாளை மேலே இருக்கிறவன் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கோட்டின் கனம் முழுதாகத் தெரிந்தது கோவிட் காலத்தில்தான். 2021இல் மாநிலம் கடக்கத் தடை இருந்தது. தடுப்பூசியை முழுமையாகப் போட்டவர்களுக்கு அக்டோபர் 11ஆம் தேதிதான் வழி திறந்தது. அதுவரை, முந்நூறு கிலோமீட்டர் அளவில் தள்ளியிருக்கும் குவாந்தான் நமக்கு 'உள்ளூர் மாநிலம்'. கண்ணுக்கு எட்டிய பேராக் மலைக்குப் போலீஸ் அனுமதிக் கடிதம் வேண்டும். ஈப்போவில் சிறுநீரக மருத்துவரைப் பார்த்துவந்த தன் அம்மாவுக்காக, எங்களோடு வந்த தோழி ஒவ்வொரு முறையும் மருத்துவமனை அட்டையைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்கு அலைந்தாள்.

தானா ராத்தாவில் சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் நிபுணர் சிகிச்சை என்றால் இந்த மலையிலிருந்து பலர் போவது ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குத்தான். சொந்த வண்டி உள்ளவருக்கு அது அரை நாள் வேலை. இல்லாதவர் முதல் நாளே லயத்தில் யார் இறங்குகிறார்கள் என்று விசாரித்து வைக்க வேண்டும். அல்லது காய்கறி லோரியில் இடம் கேட்க வேண்டும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலம், மாநில விடுமுறை ஆகியவை குவாந்தானின் கையில். பகாங் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் 42 பேரில் நம் நாடாளுமன்றத் தொகுதிக்கு இருவர்தான்: தானா ராத்தாவுக்கு ஒருவர், ஜெலாய்க்கு ஒருவர். அந்தக் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் மருத்துவமனை சுகாதார அமைச்சினுடையது. சிம்பாங் பூலாயிலிருந்து ஏறி வரும் 185ஆம் எண் சாலை கூட்டரசுச் சாலை. இந்த இரண்டுக்கும் மாநில எல்லை ஒரு காரணமே ஆகாது. நோயாளிகளை நேரத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் வேன் ஒன்றைக் கம்போங் ராஜாவிலிருந்து ஈப்போவுக்கு விட இரண்டு மந்திரி பெசார்கள் உட்கார்ந்து பேச வேண்டியதில்லை. தேர்தல் நேரத்தில் மலைக்கு வருகிறவர்களிடம் நாம் கேட்பதோ கோயிலுக்குக் கூரை, மண்டபத்துக்கு நாற்காலி. கேட்பதைத்தானே கொடுப்பார்கள்?

மின்சாரத்துக்காகத் தெலோம், பெர்தாம் ஆற்று நீரை மலைக்குள் சுரங்கம் குடைந்து பேராக் பக்கம் கொண்டுபோய் அறுபது ஆண்டுகள் ஆகின்றன. தண்ணீருக்கு எல்லை பார்க்காதவர்கள் டயாலிசிஸ் நோயாளிக்கு மட்டும் பார்ப்பானேன் என்று தோழி கேட்டாள். எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் 185இல் எங்காவது மண் இறங்கினால் ஈப்போ போக ரிங்லெட், தாப்பா வழியாகச் சுற்ற வேண்டும், நேரம் இரட்டிப்பாகும். 2024 ஜனவரியில் புளூ வேலியில் மண் சரிந்து மியன்மார் நாட்டவர் ஐவர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஒரு சாலையை மட்டும் நம்பி வாழும் ஊருக்கு, சரிவுகளைப் பராமரிப்பது சுற்றுலாப் பயணிகளுக்கான வசதி என்று மட்டும் பேசப்படுவது எரிச்சலாக இருக்கிறது.

திரும்பும்போது பனி மூட்டம். விளக்கைத் தாழ்த்திப் போட்டு மெதுவாக ஏறினோம். பகாங் வரவேற்புப் பலகை கண்ணில் படவே இல்லை. பின் இருக்கையில் நண்பன் கைப்பேசியில் நாள்காட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். 2026 தைப்பூசம் ஞாயிறு, அதனால் தொல்லையில்லை. 2027இல் ஜனவரி 22. "வெள்ளிக்கிழமைடா," என்றான். "இப்பவே லீவு எழுதிப் போட்டுடணும்."