நாய்க்குட்டி எடுக்கப் போகிறீர்களா? காப்பகத்தை முதலில் பாருங்கள்

2008ஆம் ஆண்டின் கடைசியில் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது, எங்கள் வீட்டு நாயை அவிழ்த்துவிட்டு வந்தோம். உழவு இயந்திரத்தின் பின்னால் அது கொஞ்சத் தூரம் ஓடிவந்தது. அதன் பிறகு பல வருடங்களாக அம்மா வீட்டில் நாய் வளர்க்க விடவில்லை.

ஒருவாறு அவர் மனம் மாறியபோது, முகநூலில் பார்த்த ஒரு காப்பகத்திலிருந்து குட்டியொன்றைக் கொண்டுவந்தேன். அங்கே என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குட்டியோடு நிற்கவைத்துப் படம் மட்டும் எடுத்தார்கள். நான்காம் நாள் குட்டி இரத்தமாகக் கழிந்தது. ‘பார்வோ’ என்றார் கால்நடை வைத்தியர். ஆறாம் நாள் வளவுக்குள் புதைத்தோம். அம்மா அன்று சாப்பிடவில்லை.

இது தனியே என் துரதிர்ஷ்டம் அல்ல. கட்டாக்காலி நாய்களைக் கொல்வதை அரசாங்கம் 2006இல் நிறுத்தியது. அது நல்ல முடிவு. ஆனால் அதற்கு ஈடாகக் கருத்தடைச் சத்திரசிகிச்சைகள் நடக்கவில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் தன்னார்வலர்களின் காப்பகங்கள் நிரப்புகின்றன. மிருகவதையைத் தடுக்க நம்மிடம் இருந்தது 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். சட்ட ஆணைக்குழு 2006இல் தயாரித்த விலங்குநலச் சட்டமூலமோ ஆண்டுக்கணக்காகக் கிடப்பில் கிடந்தது. ஆகவே எது நல்ல காப்பகம் என்று பார்க்கும் பொறுப்பு எடுப்பவர்களிடமும், பணம் அனுப்பும் புலம்பெயர் உறவுகளிடமும் விழுகிறது.

என்ன பார்க்கலாம்?

முதலாவது, உள்ளே விடுகிறார்களா? படலையடியில் வைத்தே குட்டியைக் கையில் தருபவர்களிடம் கவனமாக இருங்கள். புதிதாக வந்த நாய்களையும் நோயுற்றவற்றையும் புறம்பாக வைத்திருக்க வேண்டும். பார்வோ தொற்றி அறிகுறி தெரிய இரண்டு வாரம்வரை செல்லலாம். நேற்று வந்த குட்டியை இன்று கொடுப்பது ஆபத்து.

இரண்டாவது, தடுப்பூசி அட்டை. விசர்நாய்த் தடுப்பூசியை அரச கால்நடை வைத்திய அலுவலகம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக இலவசமாகப் போடலாம். பார்வோவுக்கு வேறு ஊசி. எது, எப்போது போடப்பட்டது என்பது அட்டையில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. விசர் நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

மூன்றாவது, கருத்தடை. வளர்ந்த நாயென்றால் செய்துதான் தர வேண்டும். குட்டியென்றால் எப்போது, எங்கே செய்வது என்று எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் காப்பகமே அடுத்த வருடத்துக் கட்டாக்காலிகளை உருவாக்குகிறது.

நான்காவது, ‘இடமில்லை’ என்று சொல்லத் தெரிகிறதா? இருநூறு நாய்களை ஐம்பதுக்கான இடத்தில் அடைப்பது கருணை அல்ல. நன்கொடையாளர்கள் காயப்பட்ட நாயின் படத்தைப் பார்த்து இரங்குகிறார்கள். அந்த நாய் பிறகு என்ன ஆனது, வைத்தியருக்கு எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். நேர்மையானவர்கள் பற்றுச்சீட்டைக் காட்டுவார்கள்.

கடைசியாக, உங்களிடம் கேள்வி கேட்கிறார்களா? வளர்க்க முடியாவிட்டால் திரும்ப எடுப்போம் என்கிறார்களா?

பல மாதங்கள் கழித்து வேறொரு காப்பகத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் எங்களுக்குக் குட்டி தர மறுத்துவிட்டார்கள். தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்த மூன்று வயது நாயொன்றைக் காட்டினார்கள். பிறகு அம்மாவிடம் கேட்டார்கள்: “வீடு மாறிப் போகவேண்டி வந்தால் நாயை என்ன செய்வீங்கள் அம்மா?”

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“இந்தமுறை கொண்டுதான் போவன்” என்றார்.