தீர்ப்புச் சொன்னவர்கள் எங்கே?

இங்கிலாந்து தேசத்தில் ரெடிங் என்னும் ஊரில் 1989-ம் வருஷத்தில் ஒன்று சேர்ந்த "ஸ்லோடைவ்" என்கின்ற பாட்டுக் கூட்டத்தார், 1995-ல் தங்கள் கம்பெனியாரால் வெளியே தள்ளப்பட்டுக் கலைந்து போனார்கள். அவர்களே 22 வருஷங்கள் கழித்து, 2017-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி, தங்கள் கூட்டத்தின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு புது இசைத்தட்டை வெளியிட்டார்கள். அதன் பிறகு 2023-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் மற்றொன்றும் வெளியிட்டு, இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

"வெள்ளைக்காரப் பிள்ளைகள் நாலு பேர் கிதார் வாசித்தால் என்ன, வாசிக்காவிட்டால் என்ன? இதற்கு நமது பத்திரிகையில் இடம் எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் இந்தக் கதையில் பாட்டை விட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கின்றது. அது என்னவென்றால், கையில் பேனா இருக்கின்ற ஒரு சிலர், உலகத்தார் எல்லோருடைய காதுகளுக்கும் சேர்த்துத் தாங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை உலகமும் கேட்டுக் கொண்டு, பாட்டைக் கேட்காமலே விட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பு எந்த ஆதாரத்தின் மேல் சொல்லப்பட்டது, அதன் யோக்கியதை என்ன என்பதுதான் நாம் விசாரிக்க வேண்டிய விஷயம்.

முதலில் அவர்கள் பாட்டு இன்னதென்று தெரிந்து கொள்ளலாம். பெரிய கம்பெனிகள் சந்தைக்கென்று செய்துவிடும் ராக் சங்கீதத்துக்கு மாறாக, சிறு கம்பெனிகளின் மூலமாக வளர்ந்த ஒரு வகையை "ஆல்டர்நேடிவ் ராக்" என்று சொல்லுகின்றார்கள். ஸ்லோடைவ் கூட்டத்தாரின் பாட்டு அதில் ஒரு கிளை. நீல் ஹால்ஸ்டெட் என்னும் ஆணும் ரேச்சல் காஸ்வெல் என்னும் பெண்ணும் பாடுவார்கள், கிதாரும் வாசிப்பார்கள். அவர்களுடைய மின்சாரக் கிதாரின் ஓசை நேராக வெளியே வருவதில்லை. தரையில் வரிசையாக வைத்திருக்கும் சிறு பெட்டிகளின் வழியாகச் சென்று வருகின்றது. காலால் மிதித்தால் அந்தப் பெட்டி வேலை செய்யும். ஒரு பெட்டி, வாசித்த ஓசையைச் சற்று நேரம் பொறுத்துத் திருப்பிச் சொல்லும். மற்றொரு பெட்டி, ஆழமான கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் எப்படிச் சுற்றிச் சுழன்று மேலே வருமோ, அப்படி ஓசையை நீட்டிவிடும். இப்படி ஓசையின் மேல் ஓசை அடுக்கி, அதற்கு நடுவே இரண்டு குரல்களையும் கரைத்து விடுவார்கள். தனித்தனியாக வார்த்தைகள் காதில் விழாது. மொத்தத்தில் ஒரு பெருக்குத்தான் வந்து சேரும். இதில் யாதொரு தெய்வீகமும் கிடையாது. மின்சாரமும் உழைப்பும் காதும்தான் இருக்கின்றது.

1990-ல் இவர்கள் முதல் சிறு தட்டு வெளிவந்தபோது, லண்டன் சங்கீதப் பத்திரிகைகள் ஏகமாய்ப் புகழ்ந்தன. இருபது வயதை ஒட்டிய பிள்ளைகளை ஆகாயத்துக்கும் பூமிக்குமாக உயர்த்தி எழுதின. சரியாக மூன்று வருஷம் ஆவதற்குள் அதே பத்திரிகைகள் அதே பிள்ளைகளைக் குப்பையில் தள்ளின. இந்த மூன்று வருஷத்தில் பாட்டு அவ்வளவு தூரம் கெட்டுப் போய்விட்டதா என்றால், அதுதான் இல்லை. பத்திரிகைக்காரர்களுக்குப் புதுச் சரக்கு தேவைப்பட்டது; அவ்வளவுதான்.

தள்ளுவதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழியைக் கவனியுங்கள். பாட்டில் இன்ன குற்றம் என்று எடுத்துக் காட்டவில்லை. முதலில் ஒரு பெயர் வைத்தார்கள். பெட்டிகளை மிதிப்பதற்காகவும் மற்ற காரியங்களுக்காகவும் தரையைப் பார்த்துக் கொண்டு வாசித்ததால், இந்த வகைப் பாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் "ஷூகேஸ்", அதாவது "தன் பூட்ஸையே பார்த்துக் கொண்டிருக்கின்றவர்கள்" என்று பட்டம் கட்டினார்கள். பிறகு, இவர்கள் ஒருவர் கச்சேரிக்கு ஒருவர் போய்க் கேட்டு வந்தார்கள் என்பதற்காக, "தன்னைத் தானே கொண்டாடிக் கொள்ளும் கூட்டம்" என்று "மெலடி மேக்கர்" பத்திரிகை மற்றொரு பட்டம் கொடுத்தது. தச்சன் செய்த கட்டிலை மற்றொரு தச்சன் போய்ப் பார்த்தால் அது குற்றமா? தன் தொழிலில் அக்கறை உள்ளவன் வேறு என்ன செய்வான்? ஆனால் பட்டம் கட்டிவிட்டால் காரணம் சொல்ல வேண்டிய வேலை இல்லாமல் போகின்றது. பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

1993-ல் "சூவ்லாக்கி" என்னும் இரண்டாவது இசைத்தட்டு வந்தபோது, இந்தத் தட்டை மறுபடி ஒரு முறை கேட்பதைவிடத் தொட்டி நிறையக் கஞ்சியில் மூழ்கிச் சாகலாம் என்கின்ற கருத்துப்பட மெலடி மேக்கரில் ஒரு மதிப்புரைக்காரர் எழுதினார். உலகத்தில் ஒரு வேளைக் கஞ்சிக்கு வழியில்லாதவர்கள் எத்தனையோ கோடி பேர் இருக்கும்போது, இவருக்கு மூழ்கிச் சாவதற்குத் தொட்டி நிறையக் கஞ்சி! "மேனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ்" என்னும் மற்றொரு பாட்டுக் கூட்டத்தில் இருந்த ஒருவரோ, ஹிட்லரைக் காட்டிலும் ஸ்லோடைவ் கூட்டத்தாரைத்தான் நாங்கள் அதிகமாக வெறுப்போம் என்று சொன்னார். லட்சக்கணக்கான மக்களைக் கொன்று குவித்த கொடியவன் எங்கே? கிதாரில் எதிரொலி சேர்த்த ஐந்து பிள்ளைகள் எங்கே? இதை ஒரு வேடிக்கைப் பேச்சு என்று வைத்துக் கொண்டாலும், இப்படிப்பட்ட பேச்சுக்கள் சிரிப்பதற்குத் தகுந்தவையாகக் கருதப்பட்டன என்பதே அந்தக் காலத்து விமர்சனத்தின் யோக்கியதையைக் காட்டவில்லையா என்று கேட்கின்றோம்.

நிற்க, இவர்கள் மேல் சொல்லப்பட்ட பெரிய குற்றச்சாட்டு மற்றொன்று உண்டு. அதாவது, இவர்கள் தேம்ஸ் நதிப் பிரதேசத்துச் சௌகரியமான குடும்பத்துப் பிள்ளைகள், கஷ்டம் அறியாதவர்கள், ஆகவே இவர்கள் பாட்டில் சத்து இருக்க முடியாது என்பது. இந்த இடத்தில் நமது தோழர்களில் பலருக்கு அந்தப் பத்திரிகைக்காரர்களின் பக்கம் சேர்ந்து கொள்ளலாம் போலத் தோன்றும். சௌகரியமுள்ளவர்கள் மேல் நமக்கு என்ன அனுதாபம் என்று நினைப்பார்கள். ஆனால் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுகின்றோம். ஒருவன் செய்த காரியத்தை, அவன் பிறந்த வீட்டைக் கொண்டு அளக்கலாம் என்று ஒரு தடவை ஒப்புக் கொண்டோமானால், அந்த அளவுகோல் யார் கைக்குப் போகும்? இன்றைக்குச் சௌகரியமுள்ளவன் மேல் வீசின அதே கோல், நாளைக்கு இல்லாதவன் முதுகில்தான் விழும். "இவன் பிறப்புக்கு இவ்வளவுதான் வரும்" என்கின்ற பேச்சு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அது ஒரே பேச்சுத்தான். பாட்டு மட்டமாய் இருந்தால் மட்டம் என்று சொல்லட்டும். அப்பனுடைய வருமானத்தைப் பார்த்துவிட்டு வந்து மகனுடைய பாட்டுக்கு மார்க்குப் போடுவது எந்த ஊர் நியாயம்?

அன்றியும், பத்திரிகைக்காரர்களோடு கம்பெனிக் கணக்கும் சேர்ந்து கொண்டது. இவர்கள் பாட்டை வெளியிட்ட "கிரியேஷன்" என்னும் கம்பெனி, தன் பங்கில் 100-க்கு 49 வீதத்தை 1992-ல் "சோனி" என்னும் பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டது. 1994-ல் அதே கிரியேஷன் வெளியிட்ட "ஒயாசிஸ்" கூட்டத்தாரின் முதல் தட்டு அமோகமாக விற்றது. அதற்கப்புறம், பாதிக்கு மேல் மௌனமாகவே இருக்கும் ஸ்லோடைவின் "பிக்மேலியன்" என்னும் மூன்றாவது தட்டு யாருக்கு வேண்டும்? 1995 பிப்ரவரியில் அது வெளிவந்த சில தினங்களுக்குள் கூட்டத்தாரை வெளியே அனுப்பிவிட்டார்கள். இலாபம் வராத இடத்தில் முதலாளி முதல் போடமாட்டான் என்பது தெரிந்த விஷயம். ஆனால் விற்காத பாட்டு என்பது வேறு, கெட்ட பாட்டு என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டினதுதான் மோசம்.

இனி இந்த 22 வருஷங்களைப் பற்றிச் சிலர் புராணம் பாடுகின்றார்கள். ஏதோ குகைக்குள் தவம் இருந்துவிட்டு வரத்தோடு வெளியே வந்தது போல எழுதுகின்றார்கள். இது சுத்தப் பொய். அவர்கள் வயிற்றுப் பிழைப்பைப் பார்த்தார்கள். ஹால்ஸ்டெட்டும் காஸ்வெல்லும் "மொஹாவே 3" என்று வேறொரு கூட்டம் சேர்த்து, 1995 முதல் 2006 வரையில் ஐந்து தட்டுகள் வெளியிட்டார்கள். கிறிஸ்டியன் சாவில் என்பவர் வேறு கூட்டத்தில் வாசித்தார். டிரம் வாசித்த சைமன் ஸ்காட் தனியாக மின்னணு இசை செய்தார். ஆகவே, தவமுமில்லை, வரமுமில்லை. இடைவிடாத வேலைதான் இருந்தது.

அப்படியானால் இவர்களை மறுபடி கூட்டிக் கொண்டு வந்தது யார்? கேட்டவர்கள்தான். மதிப்புரை படிக்காதவர்களும், படித்தும் நம்பாதவர்களும், பழைய தட்டைத் தேடி வாங்கித் தாங்களே கேட்டுப் பார்த்தார்கள். 2002-ல் பெர்லின் நகரத்து "மோர் மியூசிக்" என்னும் சிறு கம்பெனியார், பல மின்னணு இசைக்காரர்களைக் கொண்டு ஸ்லோடைவின் பாட்டுக்களைப் புதிதாகச் செய்ய வைத்து ஒரு தட்டே வெளியிட்டார்கள். பிறகு இன்டர்நெட் வந்தது. பழைய தட்டு எந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்கலாயிற்று. 1993-ல் பிறந்திராத பிள்ளைகள் 1993-ம் வருஷத்துத் தட்டைக் கேட்டார்கள். அவர்களுக்கு "பூட்ஸைப் பார்க்கின்றவர்கள்" என்கின்ற பரிகாசம் தெரியாது. தெரியாததனால் பாட்டு மாத்திரம் காதில் விழுந்தது. 2014-ல் பார்சிலோனா நகரத்து விழாவுக்கு அழைக்கப்பட்டு ஐவரும் மறுபடி மேடை ஏறினார்கள். அதன் பலன்தான் 2017-ம் வருஷத்துத் தட்டு.

அந்தத் தட்டு எப்படி என்றும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாமும் கேட்காமல் தீர்ப்புச் சொன்னவர்களாகி விடுவோம். முன்பு தாங்கள் பதிவு செய்த அதே ஆக்ஸ்போர்டு பக்கத்து ஸ்டூடியோவில் செய்த எட்டுப் பாட்டுக்கள். மொத்தம் முக்கால் மணி நேரம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இருபது வயதுக்காரர்களைப் போல வேஷம் போடவில்லை என்பதுதான் இதில் முதல் நன்மை. "சுகர் ஃபார் த பில்" என்னும் பாட்டில் கிதாரை மெல்லியதாக ஒதுக்கி வைத்துவிட்டு, நிக் சாப்லின் வாசிக்கும் பேஸ் கிதாரின் மேல் பாட்டு நடக்கின்றது. இருவர் பிரிவதைச் சத்தம் போடாமல் சொல்லுகின்றார்கள். பழைய தட்டுக்களில் இவ்வளவு தெளிவு இல்லை. கடைசிப் பாட்டு எட்டு நிமிஷம். பியானோவில் ஒரு சிறு சுற்றையே திரும்பத் திரும்ப வாசித்து, அதன்மேல் இரண்டு குரல்களும் வந்து வந்து போகின்றன. கேட்கப் பொறுமை வேண்டும். பொறுமைக்குக் கூலி கிடைக்கின்றது. குறையும் உண்டு. சில பாட்டுக்களில் வார்த்தைகளை இன்னமும் ஓசைக்குள் புதைத்தே வைத்திருக்கின்றார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லுகின்றவன் காதில் விழும்படி சொன்னால் என்ன என்று நமக்குத் தோன்றுகின்றது. இந்தக் குறையை 1993-ல் ஒருவர் நாகரிகமாக எடுத்துச் சொல்லியிருந்தால் நாம் ஆட்சேபிக்க மாட்டோம். அது விமர்சனம். கஞ்சித் தொட்டி விமர்சனமல்ல.

இன்றைக்கு அந்தத் தீர்ப்புச் சொன்னவர்கள் எங்கே என்று பார்த்தால், "ஷூகேஸ்" என்று பட்டம் கட்டின கூட்டத்தைச் சேர்ந்த "சவுண்ட்ஸ்" பத்திரிகை 1991-லேயே மூடிவிட்டது. வெளியே தள்ளின கிரியேஷன் கம்பெனி 1999-ல் மூடிவிட்டது. மெலடி மேக்கர் 2000-ல் மற்றொரு பத்திரிகைக்குள் அடங்கி மறைந்தது. அந்த மற்றொரு பத்திரிகையான "நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்" தன் வாராந்தர அச்சுப் பதிப்பை 2018-ல் நிறுத்திவிட்டது. தீர்ப்புக்கு ஆளானவர்களோ பாடிக் கொண்டிருக்கின்றார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பத்திரிகை மூடினதால் அது சொன்னது பொய்யாகிவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. இன்றைக்குக் கூட்டம் சேருவதால் பாட்டு நல்லது என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால், 1995-ல் விற்காததால் கெட்டது என்று சொன்னவனுடைய தர்க்கத்தையே நாமும் சொன்னவர்களாவோம். அன்றைக்குக் கேட்காமல் ஏசினவர்களுக்கும், இன்றைக்குக் கேட்காமல் "தெய்வீக இசை" என்று கன்னத்தில் போட்டுக் கொள்ளுகின்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் தங்கள் காதைப் பிறரிடம் அடமானம் வைத்தவர்கள்தான்.

ஆகவே தோழர்களே, இந்தப் பாட்டை நீங்கள் விரும்பியே தீர வேண்டும் என்பது நமது உத்தேசமல்ல. கேட்டுவிட்டு, "எனக்குப் பிடிக்கவில்லை, காரணம் இது" என்று நீங்கள் எழுதினால் அதை மகிழ்ச்சியோடு ஒப்புக் கொள்வோம். பெயரைக் கேட்டு, பிறந்த இடத்தைக் கேட்டு, பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்டு முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் நாம் சொல்லுவது. ஒரு பாட்டு விஷயத்தில் இதைப் பழகிக் கொள்ளுகின்றவன், மற்ற விஷயங்களிலும் பழகிக் கொள்ளுவான். பாட்டு விஷயத்திலேயே முடியாதவனுக்கு வேறு எதில் முடியும்?