4 வயதில் 65 கிலோமீட்டர் ஓடிய சிறுவன் என்ன ஆனான்?

பிஞ்சில் ஜெயித்தால் பின்னால் பதக்கம் நிச்சயமா?

பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் பையன் முதலாவதாக வந்துவிட்டால் போதும். "ஒலிம்பிக் போற பிள்ளை இவன்" என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். அந்தப் பேச்சை நம்பலாமா? ஒடிசாவைச் சேர்ந்த புதியா சிங்கின் கதையைக் கேட்டால் யோசிக்கத் தோன்றும்.

பூரியிலிருந்து ஓட்டம்

2006-ம் ஆண்டு மே மாதம். பூரியில் கிளம்பிய புதியா, புவனேசுவரத்தை நோக்கி 65 கிலோமீட்டர் ஓடினான். எடுத்துக்கொண்ட நேரம் 7 மணி 2 நிமிடம். வயதோ 4!

நாடே வாயைப் பிளந்தது. டாக்டர்கள் பதறினார்கள். பிஞ்சு உடம்பு இதைத் தாங்காது என்றார்கள். நீண்ட தூரம் ஓட அரசு தடை போட்டது. அவனை ஓட வைத்த ஜூடோ பயிற்சியாளர் பிராஞ்சி தாஸ், 2008 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். புதியா அரசு விளையாட்டு விடுதியில் வளர்ந்தான்.

2024 பாரிஸ் வரை எந்த ஒலிம்பிக்கிலும் அவர் ஓடவில்லை. தடை போட்டதால்தான் கெட்டது என்பவர்களும் உண்டு. ஆனால் 4 வயது ஓட்டத்தை வைத்து 20 வயதை எப்படி அளப்பது?

மீசை முளைத்தவன் முந்துவான்

12, 13 வயதிலும் இதே கதைதான். ஒரே வகுப்பில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். இன்னொருவன் பால் மணம் மாறாமல் நிற்பான். பந்தயத்தில் முதல் ஆள் முந்துவான். நாலு வருஷம் போனால் மற்றவனும் வளர்ந்து எட்டிப் பிடித்துவிடுவான். அப்போது, ஜெயித்தது காலா, முந்தி வந்த வளர்ச்சியா என்பது தெரிந்துவிடும்.

வயசைக் குறைத்து சர்டிபிகேட் காட்டுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து வயசைச் சோதிக்கிற அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது.

ஜெர்மனிப் பேராசிரியர் ஆர்னே குல்லிச்சும் கூட்டாளிகளும் 2021-ல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. சிறுவயதில் ஜொலித்தவர்கள் பெரும்பாலும் ஒரே விளையாட்டைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டவர்கள். பெரியவர்களாகி உலக அளவில் ஜெயித்தவர்களோ, பல விளையாட்டு ஆடி, மெதுவாக மேலே வந்தவர்கள்.

போல்ட் ஜெயித்தாரே?

உண்மைதான். உசேன் போல்ட் 15 வயதில், 2002-ல், உலக ஜூனியர் 200 மீட்டரில் தங்கம் வாங்கினார். ஆனால் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே வெளியேறினார். 2008-ல்தான் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது.

அசாமின் ஹிமா தாஸ் 18 வயதில், 2018-ல், 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் 400 மீட்டர் தங்கம் வென்றார். பிறகு காயங்கள் துரத்தின. டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் அவர் ஓடவில்லை.

18 வயது தங்கத்துக்கே உத்தரவாதம் இல்லை. 4 வயது ஓட்டத்துக்கு ஏது?

பிள்ளை ஆசைப்பட்டால் ஓடட்டும். பந்தடிக்கட்டும், நீந்தட்டும். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விரட்ட வேண்டாம். பதக்கம் பிறகு வரலாம், வராமலும் போகலாம். தேய்ந்த மூட்டு திரும்பி வராது!