திருட்டும் வறுமையும்: ரூ.5,000 வரம்பால் யாருக்கு இழப்பு?

ஹைதராபாத்: உருதுவில் 'சனத்' என்றால் தொழில். அச்சொல்லையே பெயராகக் கொண்ட சனத்நகர், நிஜாம் காலத் தொழிற்பகுதி. 1942-ல் தொடங்கப்பட்ட ஆல்வின் நிறுவனம் குளிர்பதனப் பெட்டி முதல் கைக்கடிகாரம் வரை தயாரித்து, ஏராளமான குடும்பங்களுக்கு நிலையான சம்பளம் வழங்கியது. 1990-களில் அது நலிவடைந்தது. இத்தகைய பகுதிகளில் நிகழும் திருட்டுகளுக்கு வேலையின்மையே காரணம் என்று எளிதாகக் கூறப்படுகிறது.

அது பாதி உண்மையே. 2020 ஊரடங்கின்போது, ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 24% சரிந்தது; கோடிக்கணக்கானோர் வருவாய் இழந்தனர். ஆயினும் தேசிய குற்ற ஆவணக் காப்பகத் தரவுகளின்படி, அவ்வாண்டில் திருட்டு வழக்குகள் கணிசமாகக் குறைந்தன. வீடுகளில் ஆட்கள் இருந்தனர். சாலைகளில் நெரிசல் இல்லை. (புகார் அளிக்கக் காவல் நிலையம் செல்வதும் அப்போது கடினமே.) வறுமையுடன் வாய்ப்பும் சேரும்போதுதான் திருட்டு பெருகுகிறது.

அந்த வாய்ப்பு அதிகம் கிடைப்பதோ ஏழைகளின் வசிப்பிடங்களில்தான். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் காவலாளியும் கண்காணிப்பு கேமராவும் உண்டு. சனத்நகர், பாலாநகர் பட்டறைகளுக்கு ஷிப்ட் மாறிச் செல்லும் புலம்பெயர் தொழிலாளியின் பகிர்வு அறைக்கு ஒரு பூட்டு மட்டுமே. அவரது செல்போன் களவுபோனால் ஊருக்குப் பணம் அனுப்பும் வழியும், மறுநாள் வேலைக்கான அழைப்பும் சேர்ந்தே போய்விடுகின்றன.

2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவு, ரூ.5,000-க்குக் குறைவான பொருளைத் திருடி முதல்முறை தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பி அளித்தால் சமூக சேவையை மட்டுமே தண்டனையாக விதிக்கிறது. 2022 நிலவரப்படி சிறைவாசிகளில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகளாக உள்ள நாட்டில், இது வரவேற்கத்தக்கது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணை, இக்குற்றத்தை மாஜிஸ்திரேட் உத்தரவின்றிப் போலீஸார் புலனாய்வு செய்ய இயலாத வகையில் சேர்த்துள்ளது. பழைய சட்டத்தில் மதிப்பு எதுவாயினும் போலீஸாரே வழக்குப் பதியலாம். இப்போது ரூ.50,000 போனை இழந்தவர் நேரடியாக எஃப்ஐஆர் கோரலாம், ரூ.4,500-க்குப் பழைய போன் வாங்கியவரோ ஒருநாள் கூலியை விட்டு நீதிமன்றப் படியேற வேண்டும். வரம்பை வகுத்தவர்கள் பொருளின் விலையைப் பார்த்தனரே தவிர, இழந்தவரின் வருவாயில் அது எத்தனை பங்கு என்பதைப் பார்க்கவில்லை.

திருடியவருக்கான சலுகையை நீக்காமலேயே இதைச் சரிசெய்யலாம். அதற்கு அட்டவணையில் ஒரு வரித் திருத்தம் போதும்.