பாஞ்சோவும் பறையும்: கருவிக்குக் கைதட்டினால் போதுமா?

தவளக்குப்பம் சந்திப்பில் கடலூர் சாலையோர டீக்கடை. நண்பன் செல்பேசியில் ஒரு காணொலியைக் காட்டினான். கல்லூரி விழாவில் அவனுடைய பறைக்குழுவுக்கு முதல் பரிசு. பொன்னாடை, விசில், கைதட்டல். "அப்பா பார்த்தாரா?" என்று கேட்டேன்.

"பார்த்தாருடா. அதே வாரம் ஊர்த் தெருவிலேர்ந்து ஒருத்தன் வந்தான். சாவு விழுந்துடுச்சு, பறையை எடுத்துக்கிட்டு வான்னான். அப்பா வரமுடியாதுன்னுட்டாரு. 'உன் புள்ள மேடையில அடிப்பான், நீ எங்களுக்கு அடிக்கமாட்டியா'ன்னு கேட்டுட்டுப் போனான். அப்பா வயசுல பாதி இருக்கும் அவனுக்கு."

அந்த 'நீ' இரண்டு நாளாக என் காதைவிட்டுப் போகவில்லை. மேடையில் பறைக்குப் பெருமை, வாசலில் அப்பாவுக்கு ஒருமை. இது எப்படி ஒரே வாரத்தில் நடக்கிறது? இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஒரு கருவியும் கேட்டிருக்கிறது. அதன் பெயர் பாஞ்சோ.

பாஞ்சோ இல்லாமல் ப்ளூகிராஸ் இசை இல்லை. அந்த இசை என்றதும் உலகம் நினைப்பது தொப்பி அணிந்த வெள்ளைக்காரர்களை. ஆனால் சுரைக்குடுவையில் தோலை இழுத்துக் கட்டி அந்தக் கருவியைச் செய்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 19ஆம் நூற்றாண்டில் முகத்தில் கரி பூசிக்கொண்ட வெள்ளையர்கள், கறுப்பர்களைக் கேலி செய்யும் மேடைகளில் அதை வாசித்தார்கள். 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர் பாட்டுக்கு ஒரு பட்டியல், மலைநாட்டு வெள்ளையர் பாட்டுக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து விற்றன. ப்ளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோ, ஆர்னால்ட் ஷூல்ட்ஸ் என்ற கறுப்பின கிதார் கலைஞரிடம் கற்றதைத் தானே சொல்லியிருக்கிறார். மன்றோவுக்குக் கிடைத்த புகழ் ஷூல்ட்ஸுக்குக் கிடைக்கவில்லை.

2005இல் மூன்று கறுப்பின இளைஞர்கள் கரோலினா சாக்லேட் ட்ராப்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். எண்பது வயதைக் கடந்த கறுப்பின ஃபிடில் கலைஞர் ஜோ தாம்சனின் வீட்டுக்குப் போய், அவர் அருகில் உட்கார்ந்து கற்றார்கள். 2010இல் வந்த அவர்களின் இசைத்தொகுப்பு கிராமி விருது பெற்றது. அக்குழுவின் ரியானன் கிட்டன்ஸ் 2023இல் புலிட்சர் பரிசும் பெற்றார். மேடைதோறும் அவர் பாஞ்சோவின் பிறப்பைச் சொல்கிறார். ஆசிரியரின் பெயரைச் சொல்கிறார். விருதோடு வரலாறும் மேடை ஏறுகிறது.

நம் பக்கம் வருவோம். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் முன்னெடுப்பு, டென்மாவின் இசை. சாவு வீட்டோடு கட்டிப்போடப்பட்ட கானா, ராப்போடும் ராக்கோடும் சேர்ந்து இடஒதுக்கீட்டையும் அம்பேத்கரையும் பாடியது. அக்குழுவின் கானா பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். 2024இல் அதே இசைவாணிக்கு, சபரிமலை நுழைவு குறித்த பாடலுக்காக மிரட்டல்கள் வந்தன. குரலைக் கொண்டாடுவோம், அது கேள்வி கேட்டால் நெரிப்போம் என்பதுதான் இங்கே அங்கீகாரத்தின் நிபந்தனை.

2025 பத்மஸ்ரீ பட்டியலில் மதுரையின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானும், நம் புதுச்சேரியின் தவில் கலைஞர் தட்சணாமூர்த்தியும் இருந்தார்கள். கோயிலுக்குள் போன தோலும் தீட்டென்று வெளியே நிறுத்தப்பட்ட தோலும் ஒரே பட்டியலில். மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியல் மாறியதால் சாவுக்கு அழைக்கும் குரல் மாறிவிடவில்லை.

பாஞ்சோவுக்கும் பறைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கறுப்பர்களிடமிருந்து பாஞ்சோ பறிக்கப்பட்டது. நம்மிடம் பறை திணிக்கப்பட்டது. அதனால்தான் பறையைத் தூக்கி எறிந்த தாத்தாக்களும் போராளிகள், அதைக் கையில் எடுத்த பேரன்களும் போராளிகள். அடிக்கும் உரிமையும் மறுக்கும் உரிமையும் ஒரே சுயமரியாதையின் இரண்டு கைகள். ஒன்றைக் கொண்டாடிவிட்டு மற்றொன்றைக் கண்டுகொள்ளாமல் போனால், நாமும் கருவியை எடுத்துக்கொண்டு மனிதரை வாசலில் விடுகிறவர்கள்தான்.

தோழர்களே, விழாவுக்குப் பறைக்குழுவை அழைக்கிறீர்களா? அழைப்பிதழில் 'பறையாட்டம்' என்று மட்டும் போடாதீர்கள், கலைஞர்களின் பெயரைப் போடுங்கள். பாட்டுக் கச்சேரிக்குப் பேரம் பேசாத நீங்கள் இவர்களிடமும் பேசாதீர்கள். சொல்லிக்கொடுத்த ஆசான் யார் என்று கேளுங்கள். உங்கள் ஊரில் ஒருவர் சாவுக்கு அடிக்க மறுத்தால், மறுநாள் அவர் வீட்டு வாசலில் நீங்கள் நில்லுங்கள். கைதட்டலைவிட அது முக்கியம்.

நண்பனின் அப்பா பறையை விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகனின் குழுவுக்கு அடி சொல்லிக் கொடுப்பது அவர்தான். அந்தக் குழுவில் ஊர்த் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அவர்கள் அவரை 'ஆசான்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஜெய்பீம்.